இறைச்சிக் கணக்கில் வந்த சம உரிமை: 1964 சட்டத்தை எதன் மேல் கட்டியிருக்க வேண்டும்?

அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ‘ஆலீஸ் பார்பிக்யூ’ என்றொரு உணவகம் இருந்தது. 1927-இல் தொடங்கிய குடும்பக் கடை. ஒரே நேரத்தில் 220 பேர் உட்காரலாம். வேலை செய்தவர்கள் 36 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. பார்சல் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

1964 டிசம்பர் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கடையும் எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறியாக வேண்டும் என்று சொன்னது. அப்படிச் சொல்ல நீதிபதிகள் பிடித்துக்கொண்ட கயிறு 69,683 டாலர். உணவகம், விடுதி போன்ற தனியார் இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 1964 குடிமை உரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் கடை வாங்கிய இறைச்சியின் விலை அது. வாங்கியது என்னவோ உள்ளூர் வியாபாரியிடம்தான். அந்த வியாபாரி அதை வெளி மாநிலத்திலிருந்து தருவித்திருந்தார். ஆக, கடைக்கும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கும் தொடர்பு உண்டு. வணிகம் என்றால் அதை ஒழுங்குபடுத்த காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதிகாரம் உண்டு. எனவே கறுப்பினத்தவருக்கு நாற்காலி உண்டு.

முதல் முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே எரிச்சல். ஒரு மனிதரை உள்ளே விட வேண்டும் என்று சொல்ல, அவர் சாப்பிடப்போகும் இறைச்சி எந்த மாநில எல்லையைத் தாண்டி வந்தது என்றா பார்க்க வேண்டும்? பிறகு 1963 கோடையில் வாஷிங்டனில் இந்த முடிவை எடுத்தவர்கள் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று தேடிப் பார்த்தேன். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதே வழியைத்தான் எடுத்திருப்பேன் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு மே மாதம் பர்மிங்காமில் ஊர்வலம் போன பிள்ளைகள் மீது நாய்களை ஏவினார்கள். தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஜூன் 11 இரவு ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். ஜூன் 19 அன்று மசோதாவை காங்கிரஸுக்கு அனுப்பினார். அதில் ஹோட்டல், உணவகம், திரையரங்கு போன்ற தனியார் இடங்களில் பாகுபாடு கூடாது என்ற பகுதிதான் பெரிய சிக்கல். பள்ளிக்கூடமும் வாக்குச்சாவடியும் அரசுடையவை; அவற்றைத் தொட அரசமைப்புச் சட்டத்தில் நேரடியாக இடம் இருக்கிறது. தனியார் கடைக்காரரின் கல்லாப்பெட்டி வரை கை நீட்ட வாஷிங்டனுக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்?

நம்மூர் வாசகருக்கு இந்தக் கேள்வியே வினோதமாகத் தெரியலாம். இந்திய அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. அமெரிக்க அரசமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. அங்கே மத்திய அரசு ஒரு சட்டம் போட வேண்டுமானால், பட்டியலில் உள்ள ஏதாவது ஓர் அதிகாரத்தோடு அதை முடிச்சுப் போட்டாக வேண்டும்.

எதுவும் செய்யாமல் மாநிலங்களிடமே விட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. 1964 வாக்கில் 32 மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய விதி இருந்தது. எங்கே அது தேவையோ அங்கேதான் இல்லை.

மீதியிருந்த வழிகளில் இயல்பாகக் கண்ணில் படுவது 14-ஆவது திருத்தம். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்தது. சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமப் பாதுகாப்பு என்பது அதன் உயிர்நாடி. அதன் ஐந்தாம் பிரிவு, இதை நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை காங்கிரஸுக்குத் தருகிறது. சமத்துவத்துக்கான சட்டத்தைச் சமத்துவத்துக்கான திருத்தத்தின் மேல் கட்டுவதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் 1883-இல் இருந்தது. இந்தச் சட்டம் ஏற்கெனவே ஒரு முறை போடப்பட்டதுதான். 1875-இல், கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தபோது, விடுதிகளிலும் ரயில், படகுகளிலும் நாடக அரங்குகளிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. எட்டே ஆண்டுகளில், கான்சஸ் முதல் நியூயார்க் வரை பல மாநிலங்களிலிருந்து வந்த ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தூக்கியெறிந்தது. நீதிபதி பிராட்லி காட்டிய காரணம் ஒரு சொல். திருத்தத்தில் சமப் பாதுகாப்பு பற்றிய வாக்கியம் ‘எந்த மாநிலமும்’ என்று தொடங்குகிறது. மாநில அரசு பாகுபாடு காட்டினால் காங்கிரஸ் தட்டிக் கேட்கலாம். விடுதிக்காரர் காட்டினால் அது அவருடைய தனிப்பட்ட விஷயம்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய அந்த ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். கென்டக்கிக்காரர்; ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். தீர்ப்பு எழுத உட்கார்ந்தவருக்குப் பல நாட்கள் பேனா ஓடவில்லையாம். கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் சொன்ன தலைமை நீதிபதி டானியின் மைக்கூடு ஹார்லன் வீட்டில் இருந்தது. அவர் மனைவி மால்வினா அதைத் துடைத்து, மை நிரப்பி, கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போன நேரம் பார்த்து மேசை மேல் வைத்தார். அதன் பிறகு எழுத்து தடையில்லாமல் வந்தது என்று தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். இந்த ஹார்லனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் மறுபடியும் வரும்.

1963-இல் 14-ஆவது திருத்தத்தை நம்பிப் போவதென்றால், எண்பது வயதான இந்தத் தீர்ப்பை நீதிமன்றம் வெளிப்படையாகக் கைவிட வேண்டும். கைவிடுமா? எர்ல் வாரன் தலைமையிலான நீதிமன்றம் தாராளமனசு கொண்டதுதான். ஆனால் அதற்குள்ளேயே பிளவு இருந்தது. பால்டிமோரில் ஓர் உணவகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திக் கைதான பன்னிரண்டு மாணவர்களின் வழக்கு 1964 ஜூன் 22 அன்று முடிவானபோது அது பட்டவர்த்தனமாயிற்று. (வழக்கில் முதல் பெயர் ராபர்ட் மேக் பெல். கைதானபோது அவருக்கு 16 வயது; பின்னாளில் அதே மேரிலாந்து மாநில உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.) மேரிலாந்தில் இதற்கிடையே சட்டம் மாறிவிட்டது என்று காரணம் காட்டி, பெரும்பான்மை நீதிபதிகள் முக்கியக் கேள்வியைத் தொடாமல் வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். தொட்டவர்கள் ஆறு பேர், மூன்றுக்கு மூன்று. காங்கிரஸ் சட்டம் எதுவும் இல்லாத நிலையில், 14-ஆவது திருத்தம் தானாகவே உணவகக்காரரைக் கட்டுப்படுத்தாது என்ற மூவரில் ஒருவர் பெயரும் ஜான் மார்ஷல் ஹார்லன். பழைய ஹார்லனின் பேரன்.

காங்கிரஸ் சட்டம் இயற்றினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி என்று அந்த மூவரும் சொல்லித்தான் வைத்தார்கள். ஆனாலும் அரசு வழக்கறிஞர் நிலையிலிருந்து பாருங்கள். மசோதா சட்டமாவதற்குப் பத்து நாட்களே இருக்கின்றன. தாத்தா பக்கம் பேரனே இல்லை.

அடுத்தது வணிகப் பிரிவு. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், 1787-இல் எழுதிய மூல அரசமைப்பிலேயே காங்கிரஸுக்கு உண்டு. ‘எந்த மாநிலமும்’ என்ற முட்டுக்கட்டை இதில் இல்லை. தனியாரை நேரடியாகத் தொடலாம். ஓஹியோவில் ஒரு விவசாயி தன் பண்ணையிலேயே பயன்படுத்த விளைவித்த கோதுமையைக்கூட இதன் கீழ் கட்டுப்படுத்தலாம் என்று 1942-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. பேருந்தில் இடத்தை விட்டு எழ மறுத்த ஐரீன் மார்கன் 1946-இல் வென்றதும் வணிகப் பிரிவை வைத்துத்தான். எல்லாவற்றையும்விட, 1883 தீர்ப்பிலேயே பிராட்லி ஒரு சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்: மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வண்டிகளை வணிக அதிகாரத்தின் கீழ் காங்கிரஸ் ஒழுங்குபடுத்த முடியுமா என்ற கேள்வி எங்கள் முன் இல்லை என்று எழுதியிருந்தார். ஆக, பழைய தீர்ப்பை உடைக்காமலே அதைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

மத்திய அரசின் நீதித்துறையில் குடிமை உரிமைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பர்க் மார்ஷல் இந்த வழியில் உறுதியாக இருந்தார். காங்கிரஸின் மேலவையான செனட்டின் அரசியலும் இதற்குச் சாதகம். 14-ஆவது திருத்தம் என்றால் மசோதா செனட்டின் நீதிக் குழுவுக்குப் போகும். அதன் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். குடிமை உரிமை மசோதாக்களுக்கு அந்தக் குழு சுடுகாடு. வணிகம் என்று பெயர் வைத்தால் வாஷிங்டன் மாநிலத்தின் வாரன் மேக்னசன் தலைமை வகித்த வணிகக் குழுவுக்குப் போகும். தனியார் இடங்கள் பற்றிய பகுதியைத் தனி மசோதாவாக அங்கேதான் அனுப்பினார்கள். பெயர் மாறினால் மேசை மாறும் என்பது எந்த ஊர் அலுவலகத்திலும் நடப்பதுதானே.

கடைசியில் இந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. பிரதிநிதிகள் சபை நிறைவேற்றி அனுப்பிய முழு மசோதாவை, நீதிக் குழுவுக்கு அனுப்பாமலே நேரே செனட்டின் அலுவல் பட்டியலில் ஏற்றிவிட்டார் அங்கே பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த மைக் மேன்ஸ்ஃபீல்ட். பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிக்கப் பார்த்த தென் மாநில செனட்டர்களின் வாயை 1964 ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற வாக்கில் அடைத்தார்கள். ஆனால் வணிகக் குழுவின் விசாரணை வீண் போகவில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்று காரில் நெடுந்தூரம் போனால் இரவு எங்கே படுப்பது, குழந்தைக்குக் கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று கறுப்பினத்தவர் உரிமை இயக்கத் தலைவர் ராய் வில்கின்ஸ் போன்றவர்கள் அங்கே சொன்ன சாட்சியம் எழுத்தில் பதிவானது. எந்த விடுதியில் தங்க அனுமதிப்பார்கள் என்று பார்க்கத் தனிக் கையேடே வைத்துக்கொண்டு பயணம் செய்த மக்கள் அவர்கள். பாகுபாடு மக்களின் போக்குவரத்தைத் தடுக்கிறது என்று பின்னால் நீதிமன்றம் சொன்னபோது சுட்டிக்காட்ட ஆதாரம் தயாராக இருந்தது.

இந்த வழியைப் பிடிக்காதவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். வணிகக் குழுவிலேயே உறுப்பினராக இருந்த தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் எதிர்த்தது எதிர்பார்த்ததே. சுவையானது ஆதரவாளர்களின் எதிர்ப்புதான். ரோட் ஐலண்டின் செனட்டர் ஜான் பாஸ்டோர், இது ஒழுக்கம் சார்ந்த கேள்வி, மனித கண்ணியத்தை வணிகத் தடையாகக் குறுக்குவது சரியல்ல என்று குறைப்பட்டார். அரசமைப்புச் சட்டப் பேராசிரியர் ஜெரால்ட் கந்தர் 1963 ஜூனிலேயே நீதித்துறைக்குக் கடிதம் எழுதி, இது சுற்றுவழி, வேறொரு நோக்கத்துக்காக வணிகப் பிரிவை அதன் பொருள் வடிந்துபோகும் அளவுக்கு இழுக்கிறீர்கள் என்று எச்சரித்தார். இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் நீதிமன்றத்தில் தோற்றால் என்ன ஆகும் என்ற கணக்கைப் போடவில்லை என்பது என் எண்ணம். 1883-இல் தோற்ற பிறகு அடுத்த முயற்சிக்கு எண்பது ஆண்டு ஆனது. இன்னொரு தோல்வியைத் தாங்கும் நிலையில் 1964 இல்லை.

கென்னடி சுடப்பட்டு இறந்தபின் ஜான்சன் 1964 ஜூலை 2 அன்று சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அட்லாண்டாவில் வழக்கு தாக்கலானது. 216 அறைகள் கொண்ட ‘ஹார்ட் ஆஃப் அட்லாண்டா’ மோட்டல். விருந்தினரில் முக்கால்வாசிப் பேர் வெளி மாநிலத்தவர். உரிமையாளர் மோர்ட்டன் ரோல்ஸ்டன் வழக்கறிஞர். உச்ச நீதிமன்றத்தில் தானே வாதாடினார். இதுவும் ஆலீஸ் வழக்கும் ஒரே நாளில், ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று முடிந்தன. இளைய ஹார்லனும் சேர்ந்துதான். ஆறே மாதத்தில், ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல்! வணிக வழிக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

விலை இல்லாமல் இல்லை. வணிகத்தின் பெயரால் எழுதியதால், எந்த இடம் வணிகத்தைப் பாதிக்கிறது என்று பட்டியல் போட வேண்டியதாயிற்று. தங்கும் விடுதி, உணவகம், பெட்ரோல் நிலையம், கேளிக்கை இடம் ஆகியவை உள்ளே. துணிக்கடை, முடிதிருத்தும் கடை போன்றவை, ஹோட்டலுக்குள் இருந்தாலொழிய, பெரும்பாலும் வெளியே. உரிமையாளரே குடியிருக்கும், ஐந்து அறைக்கு மேற்படாத வீட்டு விடுதிக்கு விலக்கு. வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ‘திருமதி மர்ஃபி’ என்ற கற்பனைப் பெண்ணின் பேரில் நாட்கணக்கில் விவாதம் நடந்த விலக்கு அது. கண்ணியத்தை அடித்தளமாக வைத்திருந்தால் ஐந்து அறைக்கும் ஆறு அறைக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. அதை ஏன் அதிகம் யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தம். அதில் ‘எந்த மாநிலமும்’ என்ற சொல்லே இல்லை. அமெரிக்காவில் அடிமைமுறை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அரசானாலும் தனியாரானாலும் ஒன்றே. விடுதிக் கதவைச் சாத்துவது அடிமைமுறை விட்டுப்போன முத்திரை, அதை அழிக்க காங்கிரஸுக்கு இதன் கீழ் அதிகாரம் உண்டு என்றுதான் மூத்த ஹார்லன் அந்த மைக்கூட்டிலிருந்து எழுதினார்.

1964 வழக்கில் 13-ஆவது திருத்தத்தைக் கையில் எடுத்தவர் யார் தெரியுமா? மோட்டல் உரிமையாளர். நான் விரும்பாதவர்களுக்கு என்னைச் சேவை செய்ய வைப்பது கட்டாய அடிமைத்தனம் என்று வாதாடி, 1.1 கோடி டாலர் இழப்பீடும் கேட்டார் ரோல்ஸ்டன். நீதிமன்றம் அதைச் சில வரிகளில் ஒதுக்கித் தள்ளியது. அடிமைகளின் வாரிசுகளுக்காக அந்தத் திருத்தத்தை எடுத்து வைக்க வேண்டிய அரசோ தனி வாதமாக அதை முன்வைக்கவில்லை.

நான்கே ஆண்டுகளில் அந்த வழியும் திறந்தது. செயின்ட் லூயிஸ் அருகே கறுப்பினத்தவர் என்பதற்காக ஜோன்ஸ் என்பவருக்கு வீடு விற்க மறுத்த வழக்கில், 1968 ஜூன் மாதம், தனியாரின் இனப் பாகுபாட்டை 13-ஆவது திருத்தத்தின் கீழ் காங்கிரஸ் தடுக்கலாம் என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பானது. எதிர்த்த இருவரில் இளைய ஹார்லன் ஒருவர். (அவர் காரணம் வேறு, அந்த வழக்குக்கு அடிப்படையான 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தைப் பெரும்பான்மையினர் படித்த விதம் பற்றியது. இருந்தாலும் தாத்தாவின் வாதம் வெற்றி பெற்ற நாளில் பேரன் எதிர்வரிசையில்.)

அப்படியானால் 1963-இல் இதையே எடுத்திருக்கலாமே என்றால், எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, 1883 தீர்ப்பு இதையும் அப்போதே நிராகரித்திருந்தது. உடைக்க வேண்டிய சுவர் அதே சுவர். இரண்டு, இது இனத்துக்குப் பொருந்தும் அளவுக்கு மதத்துக்குப் பொருந்தாது. 1964 சட்டமோ இனம், நிறம், மதம், பூர்விக நாடு என நான்கையும் சொல்கிறது. யூதரைத் தங்கவிடாத விடுதிகளும் இருந்த காலம் அது. 13-ஆவது திருத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர்களை வெளியே நிறுத்தியிருக்கும். மூன்று வழிகளில் இரண்டாம் இடத்தை இதற்குத்தான் தருவேன். துணை வாதமாகவாவது சேர்த்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த தீர்ப்புகள் என் கணக்கைப் பெரிதாக மாற்றவில்லை. 1995-இலும் 2000-இலும் உச்ச நீதிமன்றம் வணிகப் பிரிவுக்குக் கடிவாளம் போட்டது. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதும், பெண்கள் மீதான வன்முறையும் பொருளாதார நடவடிக்கைகள் அல்ல என்றது. ஆனால் உணவகம் நடத்துவது எந்தக் கணக்கிலும் பொருளாதாரம்தான். 1964 சட்டம் அசையவில்லை. அதே 2000 தீர்ப்பில், 14-ஆவது திருத்தம் தனியாரைத் தொடாது என்று காட்ட, 1883 தீர்ப்பை இன்னும் உயிரோடிருக்கும் சட்டமாக மேற்கோள் காட்டினார்கள். அந்த அடித்தளத்தின் மேல் கட்டியிருந்தால் வீடு இன்று எப்படி நிற்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்த வழக்கு ஒன்றே ஒன்று. ஆர்கன்சாவில் லிட்டில் ராக் அருகே ‘லேக் நிக்சன் கிளப்’ என்ற பொழுதுபோக்கு இடம். பருவத்துக்கு 25 சென்ட் கட்டினால் வெள்ளையர் யாரும் ‘உறுப்பினர்’, கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1969-இல் இது உச்ச நீதிமன்றம் வந்தபோது, சிற்றுண்டிக் கடையில் விற்ற பண்டங்களில் எது வெளி மாநிலப் பொருள், மிதிபடகுகள் ஓக்லஹோமாவிலிருந்து வாடகைக்கு வந்தவையா, பாட்டுப் பெட்டி எங்கே செய்தது என்றெல்லாம் நீதிபதிகள் உட்கார்ந்து பார்த்தார்கள். பாட்டுப் பெட்டியும் படகும் சேர்ந்து கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டன. கடைக்கடையாக இப்படி வழக்காடும் நிலை வரக் கூடாது என்பதற்காகவே 14-ஆவது திருத்தத்தை விரும்புவதாக நீதிபதி டக்ளஸ் 1964-இலேயே தனியாக எழுதி வைத்திருந்தார்.

லேக் நிக்சன் தீர்ப்பை எதிர்த்தவர் ஹ்யூகோ பிளாக் ஒருவர்தான். ஊர்க்கோடியில் இருக்கும் ஏரிக்கரை வரை வணிகப் பிரிவை இழுப்பதை ஏற்க மாட்டேன் என்றார். பால்டிமோர் மாணவர்கள் வழக்கில் உணவகக்காரர் பக்கம் எழுதிய அதே பிளாக். ஆனால் அவர் இன்னொன்றும் எழுதினார்: காங்கிரஸ் இந்தச் சட்டத்தை 14-ஆவது திருத்தத்தின் ஐந்தாம் பிரிவின் மேல் கட்டியிருந்தால், நானும் உங்களோடு சேர்ந்திருப்பேன்.